தமிழ் அலமாரியைப் பிரித்து அடுக்குங்கள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுகாவிலும் தமிழ் வழி வகுப்புகள் நடக்கும் பள்ளிகள் பல உண்டு. நான் பார்த்த வரையில் அவற்றின் நூலக அறைகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கின்றன. மலையாளத்துக்கு நான்கைந்து அலமாரி, இங்கிலீஷுக்கு ஒன்று, இந்திக்கு ஒரு தட்டு, தமிழுக்கு ஒரு அலமாரி. அந்தத் தமிழ் அலமாரியில் பொன்னியின் செல்வன், கோழி வளர்ப்பு, திருக்குறள் உரை, மின்சாரம் பற்றிய சின்ன நூல், காமராசர் வாழ்க்கை வரலாறு எல்லாம் வந்து சேர்ந்த வரிசையிலேயே நிற்கும். மொழி வாரியாகப் பிரித்ததோடு வேலை முடிந்துவிடுகிறது.

இந்த இரண்டு தாலுகாவிலும் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தவள் நான். முதல் நியமனம் இடுக்கியில். பல வருடம் கழித்து மாவட்ட மாறுதல் கிடைத்துச் சொந்த மண்ணுக்கு வந்தேன். பெரும்பாலான வருடங்களில் நூலகப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் ஊர்ப் பொது நூலகமான வாயனசாலையில் நூல்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தமிழ் அலமாரியைப் பிரியுங்கள். தமிழில் உள்ள அறிவியல் நூல் அறிவியல் தட்டுக்குப் போகட்டும், விவசாய நூல் விவசாயத் தட்டுக்குப் போகட்டும். பக்கத்திலேயே அதே பொருளில் மலையாள நூலும் இங்கிலீஷ் நூலும் நிற்கட்டும்.

இப்போதைய முறையில் ஒரு பிள்ளை ஒரு விஷயத்தைத் தேடினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். “டீச்சர், பரம்பிக்குளம் ஆளியாறு பத்தி புக்கு ஏதாச்சும் இருக்குங்களா? ப்ராஜெக்டுக்கு வேணுங்க. எங்கப்பாருகிட்ட கேட்டா, தண்ணி வந்தா வருது, வல்லீன்னா இல்லைங்கறாரு.” அவளுடைய அப்பாவுக்கு வடகரப்பதி பக்கம் தென்னந்தோப்பு. அந்தத் தண்ணீரை நம்பித்தான் அந்தக் குடும்பமே இருக்கிறது. ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வர வேண்டும் என்பது இரு மாநில ஒப்பந்தம். 1970-ல் கையெழுத்தானது, 1958-லிருந்தே செல்லும் என்று எழுதப்பட்டது. கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து வீட்டுத் திண்ணையில் கேட்டு வளரும் பேச்சு இது.

நூல் இருந்தது. ஒன்றல்ல, நான்கு இருந்தன. பாலக்காட்டு வரலாறு ஒன்று மலையாள அலமாரியில். அதில் இதைப் பற்றி ஒரு அத்தியாயமே உண்டு. நதிநீர்த் தகராறுகள் பற்றிய நூல் இங்கிலீஷ் அலமாரியில். தமிழ்நாட்டு அணைகள் பற்றிய மெல்லிய நூல் தமிழ் அலமாரியில் இரண்டு நாவல்களுக்கு நடுவே. விவசாயத் துறை வெளியிட்ட பாசனக் கையேடு எந்த அலமாரியிலும் இல்லை. பழைய வினாத்தாள் கட்டோடு மேசைக்கு அடியில் கிடந்தது. பொறுப்பாசிரியை நான், எனக்கே நான்கையும் எடுத்துக் கொடுக்க வெகுநேரம் பிடித்தது. பன்னிரண்டரை மணி அடித்தால் சாப்பாட்டுக்கு ஓட வேண்டிய பிள்ளைக்கு அவ்வளவு நேரம் ஏது? அவள் தமிழ் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு, இல்லை என்று முடிவுகட்டிப் போயிருப்பாள். எத்தனையோ பேர் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

இதைவிட ஆழமாக என்னைத் தைத்தது வேறொன்று. மூணாறு பக்கத்து எஸ்டேட் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புப் பையன் என்னிடம் கேட்டான்: “தமிழ்ல சயின்ஸ் புக்கெல்லாம் இருக்கா டீச்சர்?” அவன் ஒவ்வொரு நாளும் இயற்பியலையும் வேதியியலையும் தமிழில்தான் படிக்கிறான். கேரளத்தின் எஸ்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் தமிழ்ப் பாடநூல் அவன் பையில் இருக்கிறது. அப்படியிருந்தும், பாடநூலுக்கு வெளியே தமிழில் அறிவியல் உண்டு என்பது அவனுக்குத் தெரியவில்லை. தமிழ் அலமாரி என்றால் தமிழ்ப் பாடத்துக்கான அலமாரி, கதையும் கவிதையும் குறளும் இருக்கும் இடம் என்றுதான் அவன் மனதில் பதிந்திருந்தது. அதை அவனுக்கு யாரும் வாயால் சொல்லித்தரவில்லை. அலமாரியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு சொல்லித்தந்திருக்கிறது.

இப்படி அடுக்குவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரும்பாலான பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. மொழி ஆசிரியர் ஒருவரிடமோ, பாட நேரம் குறைவாக உள்ள ஒருவரிடமோ சாவியைக் கொடுப்பார்கள். சாவியோடு ஸ்டாக் ரெஜிஸ்டரும் வரும். வருடக் கடைசியில் ரெஜிஸ்டர் எண்ணும் நூலும் ஒத்துப்போக வேண்டும்; குறைந்தால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். மாறுதலாகிப் போகும் நேரத்தில் காணாமற்போன நூலுக்குக் கைக்காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும். அதனால் நூல்கள் ரெஜிஸ்டர் வரிசையிலேயே நிற்கும். சரிபார்க்க அதுதான் வசதி. மளிகைக் கடைக்காரர் சரக்கை வந்திறங்கிய லாரி வாரியாக அடுக்கிவைத்தது போல என்று சொல்லலாம். கணக்குப் பார்ப்பவருக்குப் பிரச்சினையே இல்லை. துவரம்பருப்பு வாங்க வந்தவர் பாடுதான் கஷ்டம்.

எல்லையில் இருக்கும் நமக்கு இந்தக் கஷ்டம் இரட்டிப்பு. சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்தின் பகுதி; தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தவை. 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்தபோது மூன்றும் அதற்குள் வந்தன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்ற 350-ஏ பிரிவும் அதே ஆண்டில்தான் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. அதற்குப் பிறகு நாம் போராடியதெல்லாம் பள்ளிக்காக, ஆசிரியர் பணியிடத்துக்காக, பாடநூல் ஜூனில் கையில் கிடைப்பதற்காக. அவை நியாயமான போராட்டங்கள்; இன்னும் முடியவில்லை. நூலகத்தின் பக்கம் மட்டும் நம் பார்வை போகவே இல்லை. பாடநூல் தமிழில் வந்துவிட்டது, பாடநூலைத் தாண்டிப் போகும் வழி தமிழில் திறக்கவில்லை. கேரளத்தில் பத்தாம் வகுப்பு மார்க்கில் ஒரு பங்கு தொடர் மதிப்பீட்டுக்கு உண்டு. அசைன்மென்ட், செமினார், ப்ராஜெக்ட் என்று பிள்ளைகள் வருடம் முழுதும் நூல் தேட வேண்டியிருக்கிறது. வீட்டில் நூல் இல்லாத தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு நூலக அறையை விட்டால் செல்போன்தான் கதி. எஸ்டேட் லயங்களில் சிக்னலும் சில இடத்தில் கிடைக்காது.

நூல்களைப் பொருள் வாரியாகப் பகுப்பதில் உலகத்துக்கே புது வழி காட்டிய ஒருவர் நம்மவர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். மங்களூர், கோவை, சென்னை அரசுக் கல்லூரிகளில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, பயிற்சிக்காக லண்டனுக்குப் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட தகடுகளும் திருகாணிகளும். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை கிடைக்கும். நூலின் பொருளையும் இப்படி உறுப்புகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான்.

பகுப்பு முறை என்றதும் நூலகர் படிப்புப் படித்தவர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ரங்கநாதன் சொன்னதன் உள்ளடக்கம் ஒன்பதாம் வகுப்புக்குச் சுலபமாகப் புரியும். வகுப்பில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு துறைக்குள் எந்தப் பொருளை எடுத்தாலும் ஐந்து பக்கத்திலிருந்து அதைப் பார்க்கலாம் என்கிறார் அவர். எதைப் பற்றியது, அது எதனால் ஆனது, அதில் என்ன வேலை நடக்கிறது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில். பரம்பிக்குளம் ஆளியாறை இந்த ஐந்து கேள்விக்கு நடுவே வைத்தோம். தென்னையும் நெல்லும் நிலக்கடலையும் விளையும் வயல், தண்ணீர், பாசனமும் பங்கீடும், சித்தூர், பொள்ளாச்சி, 1958-க்குப் பிறகு. எந்தத் துறையில் வைப்பது என்ற கேள்வியும் உடனே வந்தது. அணை கட்டிய கதை பொறியியல். வயலுக்குப் பாய்வது வேளாண்மை. ஒப்பந்தம் சட்டம். மலையும் ஆறும் புவியியல். பங்கீட்டுக்காக நடந்த போராட்டம் வரலாறு. கரும்பலகையில் இத்தனையும் எழுதி முடித்தபோது, ப்ராஜெக்டை எந்தத் தலைப்புகளாகப் பிரிப்பது என்பதும் அந்தப் பிள்ளைகளுக்குத் தானாகவே கிடைத்துவிட்டது. நூலைத் தேடக் கற்பதும் ஒரு விஷயத்தைப் பகுத்து யோசிக்கக் கற்பதும் ஒரே வேலை என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

நாங்கள் வாயனசாலையில் கோலன் முறையை எடுக்கவில்லை. எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த அதன் நீண்ட குறியீடுகளைச் சின்ன நூலகத்தில் எழுதிக் காப்பது சிரமம். பெரும்பாலான நூலகங்களில் புழங்கும் மெல்வில் டியூயியின் பதின்மப் பகுப்பைத்தான் எடுத்தோம். 1876-ல் அமெரிக்காவில் வந்தது. அறிவு முழுவதையும் பத்து வகுப்பாக்கி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக்கி, மூன்று இலக்க எண்ணில் அடக்கிவிடுகிறது. 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே நூலைத் திரும்பத் தட்டில் வைத்துவிடும்.

டியூயி முறையில் நமக்கு மனக்குறையும் உண்டு. இலக்கிய வகுப்பில் அமெரிக்காவுக்கு 810, இங்கிலீஷுக்கு 820, ஜெர்மனுக்கு 830 என்று ஐரோப்பிய மொழிகளுக்குத் தனித்தனி அறை ஒதுக்கிவிட்டு, உலகத்தின் மற்ற மொழிகள் அத்தனையையும் 890-ல் போட்டார்கள். தமிழ் இலக்கியத்துக்கு 894.811 கிடைத்தது. ஈராயிரம் ஆண்டு இலக்கியத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் ஒரு மூலை. ரங்கநாதன் முறையில் தமிழின் எண் 31, மலையாளத்தின் எண் 32. பாரதியின் கவிதைக்கு அவர் முறையில் எண் போடுவது அழகான பயிற்சி: இலக்கியத்துக்கு ஓ, தமிழுக்கு 31, கவிதைக்கு 1, பிறந்த நூற்றாண்டுக்கு எம், ஆண்டுக்கு 82. இரண்டு முறையிலும் ஒன்று கவனியுங்கள். டியூயியில் மலையாளம் 894.812. இரு முறையிலும் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த எண். நம் பள்ளிகளில்தான் ஒன்று ஒரு சுவரோரமும் மற்றது எதிர்ச் சுவரோரமும் நிற்கின்றன.

தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மூணாற்றுப் பிள்ளைக்கு அதைவிட நெருங்கிய பொருள் வேறு இல்லை. தேயிலைச் செடி வளர்ப்பு 633. இலையைப் பதப்படுத்திப் பானமாக்குவது 663. விலையும் சந்தையும் 338. தொழிலாளியின் கூலி, சங்கம், வேலைநிறுத்தம் 331. பி.எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்து, அங்கே கண்டதை இங்கிலீஷில் ‘ரெட் டீ’ என்ற நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். விதிப்படி அது 823. இங்கிலீஷ் நாவலின் மொழிபெயர்ப்பு மூல மொழியோடு போக வேண்டும். தகழியின் ‘செம்மீன்’, சுந்தர ராமசாமியின் தமிழில் வந்தாலும் மலையாள இலக்கியத்தோடு போக வேண்டும். ஆக ஒரே தேயிலை ஐந்து தட்டில் பிரிந்து கிடக்கிறது. இதைக் காட்டி, பொருள் வாரியாக அடுக்கினாலும் சிதறத்தானே செய்கிறது என்று எங்கள் வாயனசாலைச் செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி.

அதற்கு ரங்கநாதன் காட்டிய வழி பொருள் அகராதி. நூல் தட்டில் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும்; அதற்குப் போகும் வழியை எத்தனை சொல்லின் கீழும் எழுதிவைக்கலாம். ஒரு நீளக் கணக்கு நோட்டை அகர வரிசையில் பிரித்தோம். எழுதும் வேலையைப் பிள்ளைகளுக்கே கொடுத்தோம். விதி ஒன்றுதான்: நீங்கள் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பீர்களோ அந்தச் சொல்லை எழுதுங்கள். ‘தேயிலை’ என்ற பக்கத்தில் 331, 338, 633, 663, 823 எல்லாம் வந்தன. ‘கொழுந்து’ என்று ஒரு மாணவி தனியாக எழுதி, தேயிலையைப் பார்க்க என்று குறித்தாள். அவளுடைய பாட்டி வால்பாறையில் கொழுந்து பறித்தவர். ‘மாங்கா’ என்று முதலமடைப் பையன் எழுதினான். ‘கிரகணம்’, ‘யானை வேலி’, ‘சர்க்கரை நோய்’, ‘கள்ளு’, ‘பி.எஸ்.சி.’ என்று நோட்டு வளர்ந்தது. விலைக்கு வாங்கிய எந்தப் பட்டியலிலும் இந்தச் சொற்கள் கிடைத்திருக்காது. மலையாள நூலுக்கும் தமிழ்ச் சொல்லின் கீழேயே எண் எழுதினோம். முதுகில் ஒட்டும் டேப் மட்டும் நிறம் வேறு: தமிழுக்கு நீலம், மலையாளத்துக்குச் சிவப்பு, இங்கிலீஷுக்குப் பச்சை. ரெஜிஸ்டர் எண் உள்ளே முதல் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் ரெஜிஸ்டரை வைத்துச் சரிபார்க்கலாம், நூல் எந்தத் தட்டில் நிற்கிறது என்பது அவருக்குத் தடையாகாது.

மொழிகளைக் கலந்து வைத்தால் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன லாபம்? எல்லைப் பிள்ளை இரண்டு மொழி படிக்கும் பிள்ளை. தமிழ் வழியில் படித்தாலும் மலையாளம் ஒரு பாடம். பஸ் போர்டும் ரேஷன் கடைச் சீட்டும் மலையாளம். உயர்நிலை வகுப்புக்கு வரும்போது தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடும். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பள்ளி திறந்த பிறகு பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, மலை ஏன் சரியுது என்பதுதான் என்று அந்தப் பக்கம் வேலை பார்க்கும் என் தோழி சொன்னாள். அவள் பள்ளியில் அதற்கு விளக்கப் படங்களோடு ஒரு மலையாள நூல் இருந்தது. மலையாள அலமாரியில் இருந்ததால் எந்தத் தமிழ் வகுப்புப் பிள்ளையும் அதைத் தொட்டதில்லை. புவியியல் தட்டில், தமிழில் மண்ணையும் பாறையையும் பற்றிய நூலுக்குப் பக்கத்தில் அது நின்றிருந்தால், தமிழ் நூலை எடுக்க வந்த கை அதையும் எடுத்திருக்கும். மலையாளத்தில் அறிவியலை எளிமையாக எழுதும் மரபு பலமானது. 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் ‘யுரேகா’வும் ‘சாஸ்திரகேரளம்’ இதழும் தலைமுறைகளை வளர்த்தவை. தமிழுக்கும் குறைவில்லை. கோவையிலிருந்து 1948 முதல் வந்த ‘கலைக்கதிர்’, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’, பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம், அதன் பிறகு பிள்ளைகளுக்கென்றே வந்த பத்துத் தொகுதிகள். நேஷனல் புக் டிரஸ்ட்டின் ‘டோட்டோ-சான்’ தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு. இரண்டையும் ஒட்டி வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை தமிழில் படித்த அத்தியாயத்தை மலையாளத்தில் திருப்பிப் பார்க்கும். மலையாளம் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல டியூஷன் நான் கண்டதில்லை. மலையாள வழியில் படிக்கும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பேச்சு தமிழ், எழுத்து தெரியாது. அவர்களுக்கு இதே தட்டு தமிழைக் கற்றுக்கொடுக்கும்.

எதிர்ப்பு வந்தது நம் ஆட்களிடமிருந்துதான். மொழி உரிமைக்காகப் பல காலம் அலைந்த பெரியவர் ஒருவர், “தமிழுக்குன்னு கண்ணுக்குத் தெரியிற மாதிரி இருந்தது அந்த ஒரு பீரோதானம்மா. அதையும் பிரிச்சுட்டா நாளைக்குத் தமிழ் இருந்த தடமே இருக்காது” என்றார். அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லையில் வாழ்பவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகை போனால்கூட நெஞ்சு பதறும். அவரைக் கையோடு அழைத்துப் போய், பிரித்து அடுக்கிய தட்டுகளைக் காட்டினேன். 800-ல் நீல டேப் வரிசை வரிசையாக. 200-ல் தேவாரம், பைபிள் கதை, நபிகள் வரலாறு என்று நல்ல நீலம். 900-ல் ஓரளவு. 530 இயற்பியலுக்கு வந்தால் விரல்விட்டு எண்ணலாம். 540 வேதியியலில் நீலமே இல்லை. 004 கம்ப்யூட்டரில் இருந்த ஒரே நீலம் எந்தக் காலத்துக்கும் உதவாத பழைய பதிப்பு. அவர் வெகுநேரம் அந்த 540 தட்டின் முன்னால் நின்றார். தமிழ் அலமாரி நிரம்பி வழிந்த காலத்தில் இந்த வெற்றிடம் யார் கண்ணிலும் படவில்லை. தமிழ் நூல் நிறைய இருக்கிறதே என்று அதிகாரி சொன்னால் நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. பத்தாம் வகுப்பில் வேதியியலைத் தமிழில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள ஊரில் வேதியியலுக்கு ஒரு தமிழ் நூலும் இல்லை என்று தட்டைக் காட்டிக் கேட்கலாம். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு கொடுத்த மனுவில் அப்படித்தான் எழுதினார்.

எல்லா இடத்துக்கும் இது தேவையென்று சொல்லமாட்டேன். இடுக்கிக் காட்டுக்குள் இடமலைக்குடியில் பி.வி. சின்னத்தம்பி தம் டீக்கடையில் நடத்திய நூலகம் ஊரறிந்தது. சாக்குப்பையில் சுமந்துபோன நூற்றறுபது நூல்கள், முதுவர் குடிகளிலிருந்து வந்து எடுத்துப்போகும் வாசகர்கள், ஒரு பதிவேடு. அத்தனை நூலையும் தலைக்குள் வைத்திருக்கும் மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எண் எதற்கு? வட்டவடையின் கதை வேறு. அந்த ஊர்த் தமிழ்ப் பையன் அபிமன்யு எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் 2018 ஜூலையில் கொல்லப்பட்டான். ஊரில் ஒரு நூலகம் வேண்டும் என்பது அவனுடைய ஆசை. கேரளம் முழுவதிலுமிருந்து மக்கள் நூல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2019 தொடக்கத்தில் நூலகம் திறக்கப்பட்டது. அன்பினால் வந்து குவிந்த நூல்கள் அவை. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் அந்த மலைக்கு, மூட்டை மூட்டையாக நூல் வந்து இறங்கும்போது, பொருள் வாரியாகப் பிரித்துத் தமிழில் ஒரு பொருள் அகராதி எழுதிவைக்கும் ஆட்களும் கூடவே போக வேண்டும் என்பது என் விருப்பம். நன்கொடை நூல் வரும் எல்லா எல்லையோர நூலகத்துக்கும் இதைச் சொல்வேன்.

பி.என். பணிக்கர் 1945-ல் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் இன்று லைப்ரரி கவுன்சிலாக வளர்ந்திருக்கிறது. அவர் நினைவு நாளான ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. உறுதிமொழி, பேச்சுப் போட்டி, சுவரொட்டி எல்லாம் நடக்கும். அந்த நாளுக்கு முன்னதாக ஒரு வாரம் நூலக அறையைத் திறந்துபோட்டு, நூல்களைத் தரையில் இறக்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்து அடுக்கலாமே. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, மூணாறு அரசுக் கல்லூரியிலும் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பள்ளிகளில் படித்துப் போனவர்கள்தான். ஆளுக்கு ஒரு பள்ளி நூலகம் என்று ஒப்படைத்து, பொருள் அகராதி எழுதுவதைப் படிப்போடு சேர்ந்த வேலையாக ஆக்கலாம். எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழ்ப் பாடநூலில் ஒவ்வொரு அலகின் கடைசியிலும் அந்தப் பொருளில் தமிழில் கிடைக்கும் நாலு நூலின் பெயரைப் போடலாம். கம்ப்யூட்டரில் நூல் பட்டியலை ஏற்றும் இடங்களில் தமிழ்த் தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே ஏற்ற வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில் ஏற்றினால் தேடும் பிள்ளைக்கு அது இல்லாத நூல்தான்.

நூல் வாங்கும் நேரத்திலும் இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் தமிழுக்கென்று ஒரு தொகை ஒதுக்கினால் அது நாவலுக்கும் தன்னம்பிக்கை நூலுக்கும் போய்விடுகிறது; கண்ணுக்கு முன்னால் இருப்பது அவைதான். 530-க்கு இத்தனை, 540-க்கு இத்தனை, 004-க்கு இத்தனை என்று பட்டியலோடு போகட்டும். அங்கே கிடைக்காவிட்டால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் திரும்பிவிடலாம். மூணாற்றுக்காரர்களுக்கு மறையூர் வழியே உடுமலை இருக்கிறது, போடி வழியே தேனி இருக்கிறது. தமிழ் நூலை எல்லைக்கு அப்பாலிருந்தே வாங்கிக்கொள்ளலாம் என்று நூலகக் குழு தீர்மானம் போட்டு எழுதிவைத்தால் செயலாளருக்குத் தயக்கம் இருக்காது. எங்கள் குழு போன கூட்டத்தில் அப்படி ஒரு தீர்மானம் போட்டது. முதல் பட்டியலில் வேதியியல் மட்டும்தான்.